பொதுவில் வைத்த அளவுகோல்: இதய, நுரையீரல் ஆய்வில் மரபணு வெளிப்பாட்டுக் கூடங்களின் வரலாறு

நம் உடலிலுள்ள ஏறத்தாழ எல்லா உயிரணுக்களிலும் இருப்பது ஒரே மரபணுத் தொகுதியாகும். இதயத் தசையின் உயிரணுவுக்கும் மூச்சுக்குழாயின் உட்சுவரிலுள்ள உயிரணுவுக்கும் இவ்வகையில் வேற்றுமை இல்லை. எனினும் ஒன்று வாழ்நாள் முழுதும் சுருங்கி விரிகிறது. மற்றொன்று சளியைச் சுரந்தும் தூசியை வெளித்தள்ளியும் மூச்சுக்குக் காவலிருக்கிறது. ஒரே நூலகத்தில் அமர்ந்த இருவர் வெவ்வேறு நூல்களை எடுத்துப் படிப்பதை இதற்கு ஒப்பிடலாம். நூல்கள் எல்லாருக்கும் பொது. எடுத்துப் படிக்கப்படும் நூல்களே ஒருவரை மற்றவரிடமிருந்து வேறுபடுத்துகின்றன. ஓர் உயிரணு தன்னிடமுள்ள மரபணுக்களில் எவற்றை, எவ்வளவு பயன்படுத்துகிறது என்பதையே ‘மரபணு வெளிப்பாடு’ என அறிவியலார் குறிப்பிடுகின்றனர்.

அவ்வாறாயின், தளர்ந்து வீங்கிய இதயத்தின் உயிரணுக்கள் எந்த நூல்களைப் படிக்கின்றன? தழும்பேறி இறுகிய நுரையீரல் எவற்றை மூடி வைத்துவிட்டது? இவ்வினாக்களை ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான மரபணுக்களிடம் கேட்க உதவும் கருவிகள் இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றின. கருவிகள் தோன்றிய வரலாற்றைப் பலர் எழுதியுள்ளனர். அவற்றைத் தனியொருவரின் அறையில் பூட்டி வைக்காமல் பலரும் வந்து பயன்படுத்தும் பொதுக்கூடத்தில் வைத்த வரலாறு அவ்வளவாகப் பேசப்படவில்லை. இக்கட்டுரையில் நாம் காண முற்படுவது அதனையே. பொதுக்கூடங்கள் மிச்சப்படுத்திய பணம் பெரிதுதான். அதனினும் பெரிது, ஓரிடத்தில் அளந்ததை மற்றோரிடத்தில் நம்பி ஒப்பிடத்தக்க பொது அளவுகோல் உருவாக அவை துணைநின்றது என்பது நம் கருத்து.

ஒன்றிலிருந்து ஆயிரங்களுக்கு

டிஎன்ஏவின் இரட்டைச் சுருள் அமைப்பு 1953ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. அதில் எழுதப்பட்டுள்ள குறிப்பு எவ்வாறு புரதமாகிறது என்பது அப்போது தெளிவாகவில்லை. 1961இல் இடைத்தூதராகச் செயற்படும் செய்தி ஆர்என்ஏ அடையாளம் காணப்பட்டது. அதே ஆண்டில் பிரான்சின் ஃபிரான்சுவா ஜேக்கப், ஜாக் மோனோ ஆகிய இருவரும் மரபணுக்கள் தேவைக்கேற்ப இயக்கப்படுவதையும் நிறுத்தப்படுவதையும் விளக்கினர். ஒரு மரபணு எவ்வளவு செயற்படுகிறது என்பதை அறிய அதன் செய்தி ஆர்என்ஏவை அளந்தால் போதும் என்னும் எண்ணம் இக்கண்டுபிடிப்புகளிலிருந்து வளர்ந்தது.

1970இல் ஹோவர்ட் டெமினும் டேவிட் பால்டிமோரும் ஆர்என்ஏவைப் பார்த்து டிஎன்ஏவைப் படியெடுக்கும் நொதியைத் தனித்தனியே கண்டறிந்தனர். எளிதில் சிதையும் ஆர்என்ஏவை உறுதியான டிஎன்ஏ படியாக மாற்றும் வழி இதனால் கிட்டியது. 1977இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் ‘நார்தர்ன் பிளாட்’ எனப்படும் முறை உருவானது. ஒரு குறிப்பிட்ட மரபணுவின் ஆர்என்ஏ ஒரு திசுவில் எவ்வளவு உள்ளது என்பதை அது காட்டியது. ஆயினும் அது பொதுவாக ஒன்றிரண்டு மரபணுக்களைப் பார்ப்பதற்கே ஏற்ற முறை. மனிதருக்குப் புரதத்தை உருவாக்கும் மரபணுக்கள் ஏறத்தாழ 20,000 உள்ளன. ஒவ்வொன்றாக அளப்பதென்றால் ஓர் ஆய்வாளரின் ஆயுள் போதாது.

1995 அக்டோபரில், ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் பாட்ரிக் பிரவுன், ரொனால்ட் டேவிஸ் ஆகியோரின் குழுவினர் ஒரு கண்ணாடித் தகட்டின்மீது மரபணுத் துணுக்குகளைப் புள்ளி புள்ளியாக வரிசைப்படுத்தி ஒட்டினர். கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் என்னும் சிறுசெடியின் 45 மரபணுக்களை அவர்கள் ஒரே வேளையில் அளந்து காட்டினர். இரண்டே ஆண்டுகளில், 1997இல், ரொட்டி செய்யப் பயன்படும் ஈஸ்ட்டின் ஏறத்தாழ முழு மரபணுத் தொகுதியும், அதாவது 6,000க்கும் மேற்பட்ட மரபணுக்கள், ஒரே தகட்டில் அளக்கப்பட்டன. இதுவே ‘மைக்ரோஅரே’ என வழங்கும் டிஎன்ஏ சில்லு.

இன்னொரு புறம், கலிஃபோர்னியாவில் ஸ்டீபன் ஃபோடரின் குழுவினர் கணினிச் சில்லுகளைச் செய்வதைப் போன்று ஒளியைப் பயன்படுத்தித் தகட்டின் மேலேயே மூலக்கூறுகளைக் கட்டும் முறையை 1991இல் வெளியிட்டனர். அஃபிமெட்ரிக்ஸ் நிறுவனத்தின் சில்லுகள் அம்முறையிலிருந்து பிறந்தவை.

சில்லு செய்யும் வேலை

கூடம் ஏன் தேவைப்பட்டது என்பதை அறியச் சில்லு செயற்படும் விதத்தை நாம் முதலில் தெரிந்துகொள்ளல் வேண்டும்.

அறுவை அரங்கில் எடுக்கப்பட்ட திசு உடனே உறைய வைக்கப்படுகிறது. ஆர்என்ஏவைச் சிதைக்கும் நொதிகள் திசுவிலும் உண்டு. நம் விரல் நுனியிலும் உண்டு. சற்றுக் காலந்தாழ்த்தினாலும், கையுறையின்றித் தொட்டாலும் மாதிரி பாழாகும். உறைந்த திசுவிலிருந்து ஆர்என்ஏ பிரிக்கப்பட்டு, டிஎன்ஏ படியாக மாற்றப்பட்டு, ஒளிரும் சாயம் ஏற்றப்படுகிறது. ஸ்டான்ஃபோர்ட் முறையில் நலமான திசுவின் படிகளுக்குப் பச்சையும் நோயுற்ற திசுவின் படிகளுக்குச் சிவப்பும் எனச் சாயம் ஏற்றி, இரண்டையும் கலந்து ஒரே சில்லின்மீது ஊற்றுவர். ஒவ்வொரு படியும் தனக்கு இணையான துணுக்கைத் தேடிப் பற்றிக்கொள்கிறது. கழுவியபின் லேசர் ஒளியில் பார்த்தால், நோயில் மிகுந்த மரபணுவின் புள்ளி சிவப்பாகவும், குறைந்ததன் புள்ளி பச்சையாகவும், இரண்டிலும் ஒத்திருப்பது மஞ்சளாகவும் தோன்றும்.

சொல்வதற்கு எளிதாயினும் இதன் ஒவ்வொரு படியிலும் பிழை நுழைய இடமுண்டு. புள்ளி ஒட்டும் ஊசியின் தேய்மானம், சாயத்தின் வயது, அறையின் ஈரப்பதம், கழுவும் கையின் பழக்கம் ஆகிய யாவும் இறுதி எண்ணில் தடம் பதிக்கின்றன. எனவே சில்லு வாங்குவதற்குப் பணம் இருந்தால் மட்டும் போதாது. நாள்தோறும் இதையே செய்து தேர்ந்த கைகளும், பல்லாயிரம் எண்களிலிருந்து பொருள்காணத் தெரிந்த புள்ளியியலாரும் வேண்டும்.

இதயத்துக்கும் நுரையீரலுக்கும் ஒரு நிறுவனம்

அமெரிக்காவில் தேசிய இதய நிறுவனம் 1948இல் சட்டத்தின் வழி அமைக்கப்பட்டது. அதே ஆண்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃபிரமிங்ஹாம் நகரில் இதய நோயின் காரணங்களை அறியும் நெடுங்கால ஆய்வு தொடங்கியது. முதற்கட்டத்தில் 5,209 ஆண்களும் பெண்களும் அதில் சேர்க்கப்பட்டனர். இரத்த அழுத்தம், கொழுப்பு, புகைப்பழக்கம் ஆகியன இதய நோய்க்கு வழிவகுக்கும் என நாம் இன்று இயல்பாகச் சொல்வதற்கு அடித்தளமிட்ட ஆய்வுகளுள் அது முதன்மையானது. 1969இல் நுரையீரலும் 1976இல் இரத்தமும் அந்நிறுவனத்தின் பெயரில் சேர்ந்தன. தேசிய இதய, நுரையீரல், இரத்த நிறுவனம் என்பது அதன் இன்றைய பெயர்.

நகர மக்கள் பல்லாண்டுகள் தம் உடலை அளக்க இசைந்ததால் பிறந்த அறிவு எல்லார்க்கும் பொதுவாயிற்று என்னும் பட்டறிவு அந்நிறுவனத்துக்கு இருந்தது. விலையுயர்ந்த கருவிகளைப் பல ஆய்வாளர்கள் பகிர்ந்து பயன்படுத்துவதற்கென அமெரிக்கத் தேசிய நல்வாழ்வு நிறுவனங்கள் 1980களிலேயே தனி நிதியுதவித் திட்டத்தை நடத்தத் தொடங்கியிருந்தன. டிஎன்ஏ சில்லு வந்தபோது இவ்விரு மரபுகளும் ஒன்றுசேர்ந்தன.

2000 ஜூன் 26ஆம் நாள் மனித மரபணுத் தொகுதியின் முதல் வரைவு நிறைவுற்றதாக அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே இதய, நுரையீரல், இரத்த நிறுவனம் மரபணுத் தொகுதிப் பயன்பாட்டுத் திட்டங்களைத் தொடங்கியது. அவற்றில் பதினொரு குழுக்கள் இடம்பெற்றன. பாஸ்டனில் ஒரு குழு இதயத் தசை நோய்களைச் சுண்டெலிகளிடம் ஆராய்ந்தது. பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகக் குழு நுரையீரல் நோய்களில் கருத்துச் செலுத்தியது. மேரிலாந்தின் ராக்வில்லில் இருந்த மரபணுத் தொகுதி ஆய்வு நிறுவனம் எலிகளின் மரபணு வெளிப்பாட்டை அளந்தது. ஒவ்வொரு குழுவும் தன் தரவுகளையும் முறைகளையும் பிற ஆய்வாளர்க்கு வழங்குதல் வேண்டும், பயிற்சியும் அளித்தல் வேண்டும் என்பது திட்டத்தின் நோக்கத்திலேயே அடங்கியிருந்தது. அதே காலத்தை ஒட்டி, இதயம், நுரையீரல் தொடர்பான ஆய்வுகளுக்கெனப் பகிர்வுச் சில்லுக் கூடங்களை அமைப்பதற்கும் அந்நிறுவனம் நிதியளித்தது.

அக்கூடங்களின் நடைமுறை நம் ஊர்களில் இருந்த ஊருணியை நினைவூட்டுகிறது. ஊருணி எல்லார்க்கும் உரியது. ஆயினும் அதில் கால் கழுவக் கூடாது, மாடு குளிப்பாட்டக் கூடாது எனும் கட்டுப்பாடும் உண்டு. பொதுக்கூடத்திலும் அவ்வாறே. ஆய்வாளர் தம் மாதிரியைக் கொண்டுவந்து கொடுப்பார். கூடத்தார் முதலில் அதன் ஆர்என்ஏ சிதையாமல் உள்ளதா எனச் சோதிப்பர். தேறாத மாதிரியைத் திருப்பி அனுப்பவும் அவர்களால் இயலும். பதவியில் உயர்ந்த பேராசிரியர் கொண்டுவந்ததாயினும், சிதைந்த ஆர்என்ஏ சிதைந்ததே. ‘இது தேறாது’ என்று ஒரு தொழில்நுட்பர் சொல்வதை ஏற்கும் ஒழுக்கம் இத்தகைய கூடங்களுக்கு உயிர்நாடியாகும்.

அளவுகள் முரண்பட்ட காலம்

தொடக்க ஆண்டுகளில் ஊக்கத்தோடு குழப்பமும் வளர்ந்தது. ஸ்டான்ஃபோர்ட் குழுவினர் சில்லு அச்சிடும் இயந்திரத்தை ஒவ்வோர் ஆய்வகமும் தானே கட்டிக்கொள்ளும் வகையில் வழிகாட்டிக் குறிப்புகளைத் தாராளமாக வெளியிட்டனர். அறிவைப் பரப்பிய நற்செயல் அது. ஆனால் ஒவ்வொருவரும் தாமே கட்டிய இயந்திரத்தில் தாமே வகுத்த முறையில் அளந்தபோது, ஓர் ஆய்வகத்தின் எண்ணை மற்றோர் ஆய்வகத்தின் எண்ணோடு ஒப்பிடுவது கடினமாயிற்று. வணிகச் சில்லுகளும் இதற்கு விலக்கல்ல. 2003இல் வெளியான ஓர் ஒப்பீட்டில் ஒரே ஆர்என்ஏ மாதிரிகள் மூன்று நிறுவனங்களின் சில்லுகளில் அளக்கப்பட்டன. மூன்றும் ஒருமித்துக் காட்டிய மாற்றங்கள் மிகச் சிலவே.

இதன் பொருளை நாம் எளிதாகக் கடந்துவிடக் கூடாது. நுரையீரல் திசு சந்தையில் கிடைக்கும் பொருளன்று. மாற்று இதயம் பொருத்தப்படும்போது அகற்றப்பட்ட பழைய இதயத்திலிருந்தோ, இறந்தவரின் குடும்பத்தார் துயரத்துக்கிடையே அளித்த இசைவினாலோதான் மனித இதயத் திசு பெரும்பாலும் கிடைக்கிறது. ஒரு முறை அரைத்துக் கரைத்துவிட்டால் மீண்டும் பெற முடியாது. அத்தகைய கொடையை நம்பத்தகாத அளவீட்டில் செலவழிப்பது கொடுத்தவர்க்குச் செய்யும் தீங்காகும்.

பிழை புகும் வழியொன்றை மாணவர்க்கு எளிதில் விளக்கலாம். நோயுற்ற பத்து மாதிரிகளைத் திங்கட்கிழமையும் நலமான பத்து மாதிரிகளை வியாழக்கிழமையும் ஓர் ஆய்வகம் அளக்கிறது எனக் கொள்வோம். இரு தொகுதிகளுக்கும் இடையே ஐந்நூறு மரபணுக்கள் வேறுபடுகின்றன. அவ்வேறுபாடு நோயினுடையதா, கிழமையினுடையதா? கலந்த நீர்மம் மாறியிருக்கலாம், செய்தவர் மாறியிருக்கலாம். இரண்டும் பின்னிக் கிடப்பதால் எந்தக் கணக்கும் அவற்றைப் பிரித்துத் தர இயலாது. மாதிரிகளைக் கலைத்துப் போட்டு, ஒவ்வொரு நாளும் இரு வகையும் இடம்பெறுமாறு அளத்தலே இதற்குத் தீர்வு. அளக்கத் தொடங்கும் முன்னரே இதைத் திட்டமிடல் வேண்டும். பட்டறிவுள்ள கூடத்தார் ஆய்வாளரிடம் கேட்கும் முதல் வினாக்களுள் இதுவும் ஒன்றாயிற்று.

பொது ஒழுங்குகளும் படிப்படியாக உருவாயின. 2000ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசிய உயிர்த்தொழில்நுட்பத் தகவல் மையம் மரபணு வெளிப்பாட்டுத் தரவுகளுக்கெனத் திறந்த களஞ்சியம் ஒன்றைத் தொடங்கியது. ‘ஜியோ’ என்பது அதன் சுருக்கப்பெயர். 2001 டிசம்பரில், சில்லு ஆய்வு எதுவாயினும் குறைந்த அளவில் எவ்விவரங்களை வெளியிடல் வேண்டும் என்பதைப் பன்னாட்டு அறிஞர் குழு வரையறுத்தது. ‘மியாமி’ எனச் சுருக்கமாக வழங்கும் அந்நெறியைப் பல ஆய்விதழ்கள் ஏற்றுக்கொண்டன. ராக்வில் குழுவினர் தரவுகளை ஆராயும் மென்பொருள் தொகுதியை 2003இல் இலவசமாக வழங்கினர். அமெரிக்க உணவு, மருந்து நிருவாகத்தின் தலைமையில் நடந்த பெருஞ்சோதனையின் முடிவுகள் 2006இல் வெளியாயின. இரண்டு பொது ஆர்என்ஏ மாதிரிகளைப் பல ஆய்வகங்கள் பல வகைச் சில்லுகளில் அளந்தன. கவனமான நடைமுறையும் தகுந்த கணக்கீடும் கைக்கொள்ளப்பட்டால் அளவுகள் பெரிதும் ஒத்துப்போகும் என்பது அதனால் நிறுவப்பட்டது. மூன்றாண்டுகளுக்கு முன் முரண்பட்ட அதே தொழில்நுட்பம், பொது மாதிரியும் பொது ஒழுங்கும் வாய்த்தபோது நம்பிக்கைக்கு உரியதாயிற்று.

கிட்டியவையும் கிட்டாதவையும்

இவ்வளவு உழைப்பின் பயன் யாது எனும் வினா எழுவது முறையே. சில சான்றுகளைக் காண்போம்.

நுரையீரல் காரணமின்றித் தழும்பேறி இறுகும் நோய் ஒன்றுண்டு. நோயாளி சில ஆண்டுகளில் மூச்சுவிட இயலாத நிலைக்குச் செல்வார். 2002இல் வெளியான ஆய்வொன்று, நோயுற்ற நுரையீரல்களில் மேட்ரிலைசின் என்னும் நொதிக்குரிய மரபணு மிகுதியாகச் செயற்படுவதைச் சில்லின் துணையால் கண்டது. அந்நொதி இல்லாத சுண்டெலிகளுக்குத் தழும்பு குறைவாகவே ஏற்பட்டது. பின்னர் நோயாளிகளின் இரத்தத்திலும் அந்நொதி மிகுந்திருப்பது தெரியவந்தது.

2004இல் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், புகைப்போர், புகைக்காதோர், புகைப்பதைக் கைவிட்டோர் ஆகிய மூவகையினரின் மூச்சுக்குழாய் உயிரணுக்களை ஒப்பிட்டனர். புகை மாற்றிய மரபணுக்களுள் பல, பழக்கத்தை விட்டபின் பழைய நிலைக்குத் திரும்பின. சில மரபணுக்களோ பல ஆண்டுகள் கழிந்தும் திரும்பவில்லை. புகைப்பதை விட்டவர்க்கு நன்மை உண்டு என்பதையும், அவருக்குள்ள ஆபத்து முற்றும் நீங்குவதில்லை என்பதையும் ஒருசேர விளக்கத் துணைசெய்யும் சான்று இது.

இதயத்தைப் பொறுத்தவரை, கனடாவின் டொராண்டோ குழுவினர் இதயத்துக்கெனவே பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட துணுக்குகளைக் கொண்ட சில்லைச் செய்தனர். விரிந்து தளர்ந்த இதயங்களை நலமான இதயங்களோடு ஒப்பிட்டு அவர்கள் கண்டவற்றை 2002இல் வெளியிட்டனர்.

ஆஸ்துமா ஆய்வு நமக்கு இரு பாடங்களையும் தருகிறது. சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்த ஆய்வு, நோயாளிகளின் மூச்சுக்குழாயில் பெரியோஸ்டின் முதலிய மூன்று மரபணுக்கள் மிகுந்திருப்பதை 2007இல் காட்டியது. 2009இல், அம்மரபணுக்கள் மிகுந்தோர் ஏறத்தாழ பாதிப்பேர் என்பதும், உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு மருந்து அவர்களுக்கே நன்கு பயனளிக்கிறது என்பதும் தெரியவந்தன. ஒரே பெயரால் அழைக்கப்படும் நோய் உள்ளே ஒன்றாக இல்லை என்னும் உண்மை மருத்துவத்துக்குப் பெரிதும் வேண்டியதாக இருந்தது. ஆயினும் பெரியோஸ்டின் அளவை வழிகாட்டியாகக் கொண்டு சோதிக்கப்பட்ட லெப்ரிகிசுமாப் என்னும் மருந்து 2011இல் நம்பிக்கையூட்டினும், 2016இல் வெளியான பெரிய சோதனைகளில் ஆஸ்துமாவுக்குச் சீரான பயனைக் காட்டவில்லை. சரியாக அளத்தல் மருந்துக்கான வழியின் தொடக்கமே என்பதை இது நினைவூட்டுகிறது.

சில்லு மறைந்தபின் எஞ்சியவை

2008ஆம் ஆண்டளவில் ஆர்என்ஏ வரிசைமுறையை நேரடியாகப் படிக்கும் முறை அறிமுகமாயிற்று. சில்லில் முன்னரே ஒட்டப்பட்ட மரபணுக்களை மட்டுமே காணலாம். புதிய முறையிலோ எதிர்பாராதவற்றையும் காணலாம். சில ஆண்டுகளில் சில்லு அச்சிடும் இயந்திரங்கள் பலவும் ஓரங்கட்டப்பட்டன. பெருந்தொகை செலவிட்டு அமைத்த கூடங்கள் வீணாயினவா?

வீணாகவில்லை என்றே நாம் கருதுகிறோம். மாதிரியைச் சோதித்துத் தேர்வுசெய்யும் பழக்கமும், கலைத்துப் போட்டு அளக்கும் ஒழுங்கும், தரவைக் களஞ்சியத்தில் இடும் வழக்கமும் புதிய கருவிக்கு அப்படியே கைமாறின. அவற்றைக் கற்ற மனிதர்களும் உடன் சென்றனர். கருவி பழையதாகும், அளக்கும் ஒழுக்கம் பழையதாவதில்லை.

அடுத்த படியாக, திசுவை ஒன்றாக அரைக்காமல் ஒவ்வோர் உயிரணுவையும் தனித்தனியே அளக்கும் முறை வந்தது. 2018இல் இரு குழுக்கள் மூச்சுக்குழாயில் அதுவரை அறியப்படாத அயனி உயிரணுக்களைக் கண்டன. நூறில் ஒன்றளவே உள்ள அவ்வுயிரணுக்கள், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயில் பழுதுறும் மரபணுவை மிகுதியாக வெளிப்படுத்துகின்றன. திசுவை அரைத்து அளந்தபோது நூறில் ஒன்றின் குரல் மற்றவற்றின் இரைச்சலில் மூழ்கிப்போயிருந்தது. 2020இல் பதினான்கு கொடையாளர்களின் இதயங்களிலிருந்து ஏறத்தாழ ஐந்து இலட்சம் உயிரணுக்களும் உட்கருக்களும் அளக்கப்பட்டு இதய வரைபடம் வெளியாயிற்று. 2023இல் நுரையீரலுக்கும் ஒருங்கிணைந்த வரைபடம் வந்தது. 49 தரவுத் தொகுதிகள், 486 பேர், 24 இலட்சம் உயிரணுக்கள் என்பன அதன் பரப்பு. வெவ்வேறு இடங்களில் அளந்த 49 தொகுதிகளை ஒன்றாக இணைக்க முடிந்தது, தரவைப் பகிரும் மரபும் வேறுபாடுகளைச் சரிசெய்யும் கணக்கீடும் ஏற்கெனவே வளர்ந்திருந்தமையால்தான்.

சிங்கப்பூரில் ஒரு தொடர்ச்சி

இவ்வரலாறு நம் வட்டாரத்தையும் தொடுகிறது. சிங்கப்பூர் மரபணுத் தொகுதி நிறுவனம் 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. 2003இல் திறக்கப்பட்ட பயோபொலிஸ் வளாகம், பல ஆய்வு நிறுவனங்கள் அருகருகே இருந்து கருவிகளையும் வசதிகளையும் பகிர்ந்துகொள்ளும் எண்ணத்தில் அமைந்தது. பரப்பிலும் மக்கள் தொகையிலும் சிறிய நாட்டுக்குப் பகிர்தல் தவிர்க்க இயலாத தேவையாகும்.

2017இல் டியூக்–என்யூஎஸ் மருத்துவப் பள்ளியையும் சிங்கப்பூர்த் தேசிய இதய நிலையத்தையும் சார்ந்த ஆய்வாளர்கள் முதன்மைப் பங்காற்றிய ஆய்வு ஒன்று வெளியாயிற்று. இதய அறுவை சிகிச்சைக்கு உட்பட்ட நோயாளிகளின் திசுவிலிருந்து தழும்பை உருவாக்கும் உயிரணுக்களை வளர்த்து, அவற்றின் ஆர்என்ஏவை வரிசைமுறைப்படுத்தினர். இன்டர்லூக்கின்–11 என்னும் புரதம் இதயத்தில் தழும்பேறுவதற்கு இன்றியமையாத காரணி என்பது அதனால் தெரிந்தது. அதுவரை அப்புரதம் இரத்தத் தட்டணுக்களைப் பெருக்கும் மருந்தாகவே பெரிதும் அறியப்பட்டிருந்தது. 2019இல் நுரையீரல் தழும்பிலும் அதன் பங்கு காட்டப்பட்டது. இதயத்தையும் நுரையீரலையும் ஒரே நிறுவனத்தின்கீழ் வைத்தது எத்துணைப் பொருத்தம் என்பதற்கு இதுவும் சான்றாகும்.

நம்மை நேரடியாகத் தொடும் கவலையும் ஒன்றுண்டு. இறந்தோரின் பல்வேறு திசுக்களை அளந்து அமெரிக்காவில் உருவாக்கிய பெருந்தொகுப்பின் கொடையாளர்களில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டோர் ஐரோப்பிய வழித்தோன்றல்கள். அளவுகோல் பொதுவாயினும் அளக்கப்பட்டோர் எல்லார்க்கும் பொதுவாக இல்லை. இக்குறையை நீக்கும் முயற்சிகளுள் ஒன்றாக, ஆசிய மக்களின் நோயெதிர்ப்பு உயிரணுக்களை அளக்கும் பன்னாட்டுத் திட்டத்தில் சிங்கப்பூர்ச் சீனர், மலாய்க்காரர், இந்தியர் ஆகிய மூவினத்தாரின் இரத்த மாதிரிகளும் இடம்பெற்றுள்ளன. இதயத்துக்கும் நுரையீரலுக்கும் அத்தகைய பரப்பு இன்னும் வாய்த்தல் வேண்டும்.

வகுப்பறைக்கு

பொதுக்கூடங்களின் வரலாற்றில் பெயர்கள் குறைவு. ஆய்வுக் கட்டுரையின் முகப்பில் பேராசிரியரின் பெயர் நிற்கும். மாதிரியைத் திருப்பி அனுப்பிப் பிழையைத் தடுத்த தொழில்நுட்பரின் பெயர் பல வேளைகளில் நன்றியுரையின் ஒரு வரியில் முடிந்துவிடும். நிதி குறையும்போது முதலில் நெருக்கடிக்கு உள்ளாவதும் இத்தகைய கூடங்களே. கருவி வாங்குவதைப் படமெடுத்து வெளியிடலாம். தேர்ந்த கைகளைப் பணியில் நிலைநிறுத்துவதை அவ்வாறு காட்ட இயலாது. அறிவியல் வரலாற்றைக் கற்பிக்கும் நாம் கண்டுபிடித்தோரின் பட்டியலோடு நின்றுவிடாமல், அளந்தோரையும் அளவைக் காத்தோரையும் மாணவர்க்கு அறிமுகப்படுத்தல் வேண்டும்.

மொழிக்கும் இதில் வேலை உண்டு. ஒரே கருத்துக்கு ஒரு நூலில் ஒரு சொல்லும் மற்றொரு நூலில் வேறு சொல்லும் வழங்கினால், இருவர் பேசுவது ஒன்றையா என்பதே மாணவர்க்கு ஐயமாகிவிடும். ‘மரபணு’, ‘உயிரணு’, ‘புரதம்’ போன்ற சொற்கள் பள்ளி நூல்களின் வழியே நிலைபெற்றுவிட்டன. ‘மரபணு வெளிப்பாடு’ போன்ற அடுத்த கட்டச் சொற்களையும் ஆசிரியர்கள் வகுப்பில் ஒருசீராக வழங்கினால் அவையும் நிலைபெறும்.

ஜியோ களஞ்சியம் கட்டணமின்றி எவர்க்கும் திறந்திருக்கிறது. புகைத்தோரின் மூச்சுக்குழாயிலிருந்தும் தளர்ந்த இதயங்களிலிருந்தும் பெறப்பட்ட அளவுகள் அங்கே வரிசை வரிசையாக உள்ளன. மேனிலை வகுப்பு மாணவர் ஒருவர் இணையத்தில் அவற்றைத் திறந்து, எந்த மாதிரி எந்நாளில் அளக்கப்பட்டது எனும் விவரம் கொடுக்கப்பட்டிருப்பின் முதலில் அதைப் பார்த்து, நோயும் நாளும் பின்னிக் கிடக்கின்றனவா என்று கேட்கட்டும். அவ்வினாவைக் கேட்கத் தெரிந்தவர் ஆய்வின் வாயிலுக்குள் ஓரடி வைத்துவிட்டார்.